அடுப்புப் புகையும் பல்கலைக்கழக ஆய்வும்: தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் பற்றிய துறையிடை ஆய்வின் ஐம்பதாண்டு வரலாறு

முன்னுரை

கணவன் உண்பதற்காகப் புளிக்குழம்பு சமைக்கும் இளம்பெண்ணின் கண்களில் தாளிதப் புகை படிவதைக் குறுந்தொகையின் 167ஆம் பாடல் காட்சிப்படுத்துகிறது. செவிலி மகிழ்ந்து கூறும் அப்பாடலில் புகை அன்பின் அடையாளமாக நிற்கிறது. சமைப்பவளின் கண்ணையும் மூச்சையும் புகை தொடுகிறது என்பது தமிழர் அறியாத செய்தியன்று. ஆயினும் அப்புகை எவ்வளவு, அது உடலை என்ன செய்கிறது, அதனைக் குறைக்க வழி யாது என்னும் வினாக்கள் அளவீட்டுக்கு உட்பட்ட அறிவியல் வினாக்களாக மாறியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டுக்குள் எழும் காற்று மாசினால் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உரிய காலத்திற்கு முன்னரே உயிரிழந்தனர். அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இத்துணைப் பெரிய சிக்கலை எந்த ஒரு துறையும் தனித்து நின்று தீர்க்க இயலவில்லை. பொறியியலாளர் அடுப்பைக் கண்டனர். மருத்துவர் நுரையீரலைக் கண்டனர். பொருளியலாளர் விலையைக் கண்டனர். மானிடவியலாளர் சமையலறையைக் கண்டனர். இவர்கள் ஒரே வினாவின் முன் கூடி நின்றபோது நிகழ்ந்தவற்றையும், அக்கூட்டாய்வு அடைந்த வெற்றிகளையும் எதிர்கொண்ட ஏமாற்றங்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. துறையிடை ஆய்வின் தோற்றம்

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களில் ஒரு மாற்றம் தோன்றியது. சுற்றுச்சூழல் பற்றிய கவலை பெருகிய அக்காலத்தில், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் எரிசக்தியை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 'எரிசக்தி மற்றும் வளங்கள் குழு' என்னும் பட்டமேற்படிப்பு அமைப்பு உருவாயிற்று. இயற்பியல், பொருளியல், சூழலியல், பொதுக்கொள்கை ஆகியவற்றை மாணவர் ஒருங்கே கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசகராக விளங்கிய ஜான் ஹோல்ட்ரன் அக்குழுவின் தொடக்கக் காலப் பேராசிரியர்.

இந்தியாவில் இதற்கு இணையான முயற்சி 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கியது. மின்வேதியியல் அறிஞர் அமுல்ய குமார் ரெட்டி தம் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, ஊர்ப்புறங்களுக்கு அறிவியலைப் பயன்படுத்தும் 'அஸ்த்ரா' என்னும் அமைப்பை நிறுவினார். அவ்வமைப்பு கருநாடக மாநிலத்தின் புரா என்னும் சிற்றூரில், எரிசக்தி எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது, யாருடைய உழைப்பால் கிடைக்கிறது என்பதை வீடுவீடாக அளந்தது. ஊரின் எரிசக்தியில் மிகப் பெரும் பங்கு சமையல் விறகாகச் செலவாவதும், அவ்விறகைச் சேர்க்கும் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதும் சிறுவர் மீதும் விழுவதும் அவ்வளவீட்டில் வெளிப்பட்டன.

புரா ஒரு பாடத்தையும் கற்பித்தது. சமையலுக்காக அங்கு நிறுவப்பட்ட சமூகச் சாண எரிவாயுக் கலம், எல்லா வீடுகளுக்கும் போதிய வாயு தரவல்ல அளவுக்குச் சாணம் கிட்டாமையால் நிலைக்கவில்லை. ஊர்மக்கள் முதலில் வேண்டியது குடிநீர். அதனை உணர்ந்த ஆய்வாளர், 1987 முதல் அவ்வாயுவைக் கொண்டு மின்னாக்கி நீர் இறைத்து, விளக்கும் எரித்தபோது மக்கள் அத்திட்டத்தைத் தமதாக ஏற்றுக்கொண்டனர்.

2. முன்னோடிகளும் மரபறிவும்

அடுப்பைத் திருத்தும் முயற்சி பல்கலைக்கழகங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா பொறுப்பேற்று நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் இருப்பிடமாகிய வார்தா மகன்வாடியில், 'மகன் சூலா' எனும் புகைபோக்கி அடுப்பு 1940களில் உருவானது. ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜூ வடிவமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் சென்னையில் அச்சாயிற்று. கோடிக்கணக்கான குடும்பங்களின் சமையலறையைப் புகையற்றதாக்குவதே அந்நூலின் நோக்கம். சமைக்கும் பெண்ணின் நலத்தை முன்னிறுத்திய அம்முயற்சிகள், அளவீடு இன்மையால் பரந்த கவனம் பெறவில்லை.

மரபு அடுப்பும் அறிவற்ற ஒன்றன்று. தமிழ் வழக்கிலுள்ள பெயர்களே அதற்குச் சான்று. முதன்மை வாயில் எழும் தீ பக்கத்து வாய்க்கும் பாய்ந்து, அங்குள்ள கலத்தைச் சூடாக வைத்திருப்பது கொடியடுப்பு. விருந்துச் சமையலுக்குப் பெருங்கலங்களை வரிசையாக ஏற்றுவது கோட்டையடுப்பு. கரி கொண்டு எரிப்பது குமுட்டியடுப்பு. மரத்தூளை இறுக அடைத்து எரிப்பது மரத்தூள் அடுப்பு. ஒவ்வொன்றும் ஓர் எரிபொருளுக்கும் ஒரு பணிக்கும் பொருந்திய வடிவம். அஸ்த்ரா ஆய்வாளர் 1980களில் உருவாக்கிய மூன்று கல அடுப்பு, ஒரு வாயில் எழுந்த வெப்பத்தை அடுத்தடுத்த கலங்களுக்குச் செலுத்திய பின்னரே புகைபோக்கி வழியே வெளியேற்றியது. கொடியடுப்பில் பொதிந்துள்ள கருத்தும் இதுவே. அவ்வடுப்புக்கு 'அஸ்த்ரா ஒலெ' என்று பெயர். கன்னட 'ஒலெ'யும் தமிழ் 'உலை'யும் ஒரே வேரின் கிளைகள் என்பது மொழியியலார் கண்ட உண்மை.

புகைக்கும் மரபில் பயன் இருந்தது. அடுப்பின் மேலுள்ள பரணில் வைத்த விதையையும் பருப்பையும் பூச்சி அணுகாமல் காத்தது புகை. கூரையின் கீற்றைச் செல்லரிக்காமல் காத்ததும் கொசுவை விரட்டியதும் அதுவே. இப்பயன்களைக் கருதாது புகையை முற்றும் பகையாக எண்ணிய திட்டங்கள், மக்களின் தயக்கத்தை அறியாமை என்று தவறாகப் பொருள்கொண்டன.

3. விறகுப் பஞ்சத்திலிருந்து மூச்சுக்கு

1975இல் எரிக் எக்ஹோம் எழுதிய ஆய்வறிக்கை, ஏழை நாடுகளின் உண்மையான எரிசக்தி நெருக்கடி விறகுப் பற்றாக்குறையே என்று வாதிட்டது. அதன் விளைவாக, காடுகளைக் காக்கும் கருவியாக அடுப்பு கருதப்பட்டது. விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்பே திருந்திய அடுப்பு என்னும் வரையறை நிலைபெற்றது. ஊர்ப்புறச் சமையல் விறகில் பெரும்பகுதி உதிர்ந்த சுள்ளி, வெட்டிய கிளை, பயிர்த்தாள், வரட்டி ஆகியவற்றால் அமைவதும், காட்டழிவுக்கு வேளாண் நில விரிவு முதலிய பிற காரணங்கள் பல இருப்பதும் பின்னர்த் தெளிவாயின.

இவ்வரையறையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கர்க் ஸ்மித். பெர்க்லியில் 1977இல் முனைவர் பட்டம் பெற்று, ஹவாயிலுள்ள கிழக்கு மேற்கு மையத்தில் பணியாற்றிய அவர், 1981இல் இந்திய ஆய்வாளருடன் இணைந்து குஜராத்துச் சிற்றூர்கள் நான்கில் ஓர் அளவீட்டை மேற்கொண்டார். சமைக்கும் பெண்கள் தம் உடலில் அணிந்துகொள்ளத்தக்க சிறு கருவிகள் மூச்சுக்கருகிலுள்ள காற்றைச் சேகரித்தன. சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர்க் காற்றில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் துகள் இருந்தது. தொழில் நகரங்களின் தெருக்களில் அக்காலத்தில் அளவிடப்பட்ட மாசினைவிட இது பன்மடங்கு மிகுதி. 1983இல் வெளியான அம்முடிவு, காற்று மாசு என்பது நகரத்தின் ஆலைப்புகை, ஊர்திப்புகை மட்டுமே என்றிருந்த எண்ணத்தைத் தகர்த்தது.

ஸ்மித் வகுத்த கருத்து எளியது. மாசு எவ்வளவு வெளியேறுகிறது என்பதைவிட, அது எங்கு வெளியேறுகிறது, அங்கு யார் இருக்கிறார் என்பதே நஞ்சின் அளவைத் தீர்மானிக்கிறது. வீட்டுக்குள் வெளியேறும் ஒரு கிராம் மாசு, ஊருக்கு வெளியே உயர்ந்த புகைபோக்கியில் வெளியேறும் ஒரு கிராமைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாக மனித நுரையீரலை அடையக்கூடும்.

4. எரிதலின் இயல்பும் அளவீட்டின் படிநிலைகளும்

உலர்ந்த விறகு முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமே பெரும்பாலும் எஞ்சும். வீட்டடுப்பில் அத்தகைய முழு எரிதல் நிகழ்வதில்லை. காற்றும் வெப்பமும் போதாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு முதலியனவும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்துகள்களும் உண்டாகின்றன. இந்நுண்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காது நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லவல்லன.

அடுப்பின் திறன் இரு கூறுகளின் பெருக்கம். விறகிலுள்ள ஆற்றலில் எத்துணை வெப்பமாக மாறுகிறது என்பது எரிதல் திறன். அவ்வெப்பத்தில் எத்துணை கலத்தைச் சேர்கிறது என்பது வெப்பக் கடத்தல் திறன். தொடக்கக் காலத் திருந்திய மண்ணடுப்புகள் பல, தீயைச் சூழ்ந்து அடைத்து இரண்டாம் கூற்றை உயர்த்தின. அவ்வாறு அடைத்தபோது காற்றோட்டம் குறைந்து முதற்கூறு சில வடிவங்களில் தாழ்ந்தது. விறகு மிச்சமானது, எரிந்த ஒவ்வொரு கிலோ விறகுக்கும் புகை பெருகியது. விறகை மட்டும் அளந்த பொறியியலாளர் வெற்றி என்று பதிந்ததை, புகையை அளந்த சுகாதார ஆய்வாளர் தோல்வி என்று பதிந்தனர். ஒரே அடுப்பைப் பற்றிய இவ்விரு முடிவுகளும் உண்மையே. அவற்றை ஒருங்கு நோக்குவதற்குத் துறையிடை ஆய்வு தேவைப்பட்டது.

அளவீட்டிலும் படிநிலைகள் உள. அடுப்பிலிருந்து வெளியேறும் அளவு முதற்படி. அறைக்காற்றில் நிலவும் செறிவு இரண்டாம் படி. ஒருவர் எவ்வளவு நேரம் அக்காற்றில் இருந்தார் என்னும் ஆட்படல் அளவு மூன்றாம் படி. உடலினுள் தங்கிய அளவு நான்காம் படி. கென்யாவில் மஜீத் எசாத்தியும் டேனியல் காமனும் மேற்கொண்ட ஆய்வு, மூன்றாம் படியின் நுட்பத்தை விளக்கியது. தீ மூட்டும்போதும், விறகு திணிக்கும்போதும், கலத்தைக் கிளறும்போதும் புகை உச்சத்தை எட்டுகிறது. அத்தருணங்களில்தான் பெண் அடுப்புக்கு மிக அருகில் இருக்கிறாள். அறையின் சராசரிச் செறிவை மட்டும் கணக்கிட்டால் அவளுடைய ஆட்படல் குறைத்தே மதிப்பிடப்படும்.

5. தமிழகக் களம்

தமிழ்நாட்டில் இவ்வாய்வைப் பெரிய அளவில் முன்னெடுத்தவர் சென்னை இராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். நான்கு மாவட்டங்களின் 436 ஊர்ப்புற வீடுகளில் அவர்தம் குழு மேற்கொண்ட அளவீடு 2002இல் வெளியாயிற்று. விறகு, வரட்டி, பயிர்த்தாள் எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர்க் காற்றில், சுவாசத்தில் புகும் துகள் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. அவ்வீடுகளில் சமைப்பவரின் 24 மணி நேரச் சராசரி ஆட்படல் 231 மைக்ரோகிராம், சமைக்காதவருக்கு 90, தூய எரிபொருள் பயன்படுத்தும் வீட்டாருக்கு ஏறத்தாழ 82.

இம்மூன்று எண்களும் ஒரு சமூக உண்மையை உரைக்கின்றன. ஒரே கூரையின் கீழ் வாழும் இருவருள் ஒருவர் மற்றவரைவிட இரண்டரை மடங்கு மாசினை மூச்சில் கொள்கிறார். யார் சமைக்க வேண்டும் என்பதைக் குடும்ப வழக்கம் தீர்மானிக்கிறது. அதன் விளைவு நுரையீரலில் பதிகிறது. சமையலறை தனியறையா, கூடத்தின் ஒரு மூலையா, வெளித் திண்ணையா என்பதும் அளவை மாற்றியது. ஆகவே வீட்டின் அமைப்பையும் வேலைப் பகுப்பையும் அறியாமல் கருவி தந்த எண்ணுக்குப் பொருள் காண இயலாது.

6. அடுப்பிலிருந்து வானம் வரை

சமையலறைப் புகை சன்னல் வழியே சென்று மறைந்துவிடுவதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, பின்னர் சான் டியேகோவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பேராசிரியரான வீரபத்திரன் இராமநாதன், பால் குருட்சனுடன் இணைந்து வழிநடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு 1999இல் நிகழ்ந்தது. தெற்காசியாவை ஒட்டிய கடற்பரப்பின் மேல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு நிறப் புகைப்படலம் பரவியிருந்ததை அது வெளிப்படுத்தியது. 2005இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சந்திரா வெங்கட்ராமன் குழுவினர், இந்தியாவில் வெளியேறும் கருங்கரித் துகளின் முதன்மை மூலம் வீட்டுச் சமையல் விறகே என்று காட்டினர்.

கருங்கரி கதிரவ ஒளியை ஈர்த்துக் காற்றை வெப்பமாக்குகிறது. பனி மீது படிந்தால் உருகலை விரைவுபடுத்துகிறது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் வளிமண்டலத்தில் தங்குகிறது. கருங்கரி சில நாள் முதல் சில வாரங்களுக்குள் படிந்துவிடும். ஆதலின் அடுப்பைத் திருத்தினால் பயன் விரைவில் கிட்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. இராமநாதன் தொடங்கிய 'சூரியா' திட்டம் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூரில் அடுப்புகளை மாற்றி விளைவை அளந்தது. புகை படிந்த வடிதாளைக் கைப்பேசியால் படமெடுத்து, அதன் கருமையைக் கொண்டு கருங்கரியைக் கணிக்கும் முறை அத்திட்டத்தில் உருவானது.

ஈண்டு ஓர் அறவினா எழுகிறது. செல்வ நாடுகளின் ஊர்திகளும் ஆலைகளும் உண்டாக்கிய வெப்பத்தைத் தணிக்கும் பொறுப்பு ஏழைப் பெண்ணின் அடுப்பின் மேல் சுமத்தப்படலாமா என்பதே அவ்வினா. அவளுடைய உடல்நலமே முதல் நோக்கமாகவும், காலநிலைப் பயன் உடன்விளைவாகவும் அமைய வேண்டும் என்பது இவ்வினாவுக்கு ஆய்வாளர் பலர் தந்த விடை.

7. திட்டங்களும் சமையலறையின் தீர்ப்பும்

சீனா 1980களின் தொடக்கம் முதல் பத்தாண்டுகளில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட திருந்திய அடுப்புகளை நிறுவியது. செலவின் பெரும்பகுதியைக் குடும்பங்களே ஏற்றன. நடுவரசு தேர்ந்தெடுத்த வட்டாரங்களின் வழியே திட்டம் நேரடியாக நடந்தது. இந்தியாவின் தேசியத் திட்டம் 1983இல் தொடங்கி, மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை மானியத்தில் வழங்கி, 2002இல் முடிவுற்றது. வழங்கிய அடுப்புகளின் எண்ணிக்கையே இலக்காக இருந்தமையால், அவை எரிகின்றனவா என்பதை அறியும் ஏற்பாடு மெலிவாக இருந்தது. இலங்கையில் 1980களில் உருவான 'அனகி' எனும் இருவாய் மண்ணடுப்பு வேறொரு வழியில் சென்றது. குயவர் அதனைச் செய்தனர்; சந்தையில் மக்கள் விலைகொடுத்து வாங்கினர். உள்ளூர்க் கைவினையும் உள்ளூர் விற்பனையும் இணைந்தமையால் அது நிலைபெற்றது.

ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியலாளர் ஒடிசாவில் நான்காண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வு இவ்வுண்மையைத் துலக்கியது. புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளில் முதலாண்டில் மூச்சில் புகும் புகை குறைந்தது. அதன் பின்னர் அப்பயன் மறைந்தது. அடுப்பு விரிசலுற்றது, புகைபோக்கியில் கரி அடைத்தது, பழுதுபார்க்க ஆளில்லை, பழைய அடுப்பு மீண்டும் எரிந்தது.

மெக்சிகோவில் ஒமர் மசேரா முதலியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. வருவாய் உயர உயர மக்கள் விறகைக் கைவிட்டு மண்ணெண்ணெய்க்கும், பின்னர் எரிவாயுவுக்கும் படிப்படியாக ஏறுவர் என்னும் 'எரிபொருள் ஏணி'க் கோட்பாடு அதுவரை நிலவியது. களத்தில் மக்கள் ஒன்றை விட்டு ஒன்றுக்குச் செல்லவில்லை. பழையதன் மேல் புதியதை அடுக்கினர். தமிழ் வீடுகளிலும் இவ்வழக்கைக் காணலாம். தேநீருக்கும் அவசரச் சமையலுக்கும் எரிவாயு. குளிக்க வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விழாச் சமையலுக்கும் விறகு.

8. களச்சோதனைகள் தந்த எதிர்பாராத விடை

புகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்த, வீடுகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நிகழ்த்தும் சோதனைகள் தேவைப்பட்டன. குவாத்தமாலா மலைப்பகுதியில் 534 வீடுகளில் நடந்த முதற்பெருஞ் சோதனையின் முடிவு 2011இல் வெளியாயிற்று. புகைபோக்கி அடுப்பு குழந்தைகளின் கார்பன் மோனாக்சைடு ஆட்படலை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. எனினும் மருத்துவர் கண்டறிந்த நுரையீரல் அழற்சியில் ஏற்பட்ட குறைவு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. கடுமையான அழற்சி மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மலாவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனை, விசிறி பொருத்திய திருந்திய விறகடுப்பினால் அழற்சி குறையவில்லை என்று 2017இல் அறிவித்தது.

விறகை முற்றிலும் விடுத்து எரிவாயுவுக்கு மாறினால் என்ன நிகழும் என்பதே அடுத்த வினா. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களின் வீடுகளை உட்படுத்திய சோதனையில், இந்தியக் களமாக அமைந்தது தமிழ்நாடு. ஒரு பாதி வீடுகள் 18 மாதங்களுக்கு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகப் பெற்றன. அவை விறகைப் பெரும்பாலும் கைவிட்டன. கருக்காலத்தில் அப்பெண்களின் நுண்துகள் ஆட்படல் கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராமாக இருந்தது. மறுபாதியில் அது 103. ஆயினும் பிறந்த குழந்தையின் எடையிலோ, ஓராண்டுக்குள் நேரும் கடுமையான நுரையீரல் அழற்சியிலோ, குழந்தையின் உயரவளர்ச்சிக் குறைவிலோ இரு பிரிவுகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. 2022இலும் 2024இலும் வெளியான இம்முடிவுகள் ஆய்வுலகைத் திகைக்கச் செய்தன.

இதனால் புகை தீங்கற்றது என்று கொள்வது பிழை. நாட்பட்ட மூச்சுத்தடை நோய், இதயநோய், நுரையீரல் புற்றுநோய் முதலியன பல்லாண்டுப் புகையால் விளைவன. 18 மாதச் சோதனை அவற்றுக்கு விடை சொல்லாது. கருவுறுவதற்கு முன்பு பல்லாண்டுகள் உடலிற் படிந்த புகையும், ஊரின் பொதுக்காற்றிலுள்ள மாசும், தாயின் ஊட்டக்குறைவும் ஓர் அடுப்பால் நீங்குவன அல்ல. மேலும், ஆட்படலுக்கும் நோய்க்குமுள்ள உறவு நேர்கோடன்று. குறைந்த அளவிலேயே தீங்கு விரைந்து ஏறுகிறது. உயர்ந்த அளவில் அவ்வேற்றம் தளர்கிறது. மிகுந்த புகையைப் பாதியாக்கினாலும் நோய் பாதியாவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவு 5 மைக்ரோகிராம். அதனோடு ஒப்பிட 35 என்பதும் உயர்ந்ததே. தாம் எதிர்பார்த்த விடை கிட்டாதபோதும் அதனை மறைக்காது வெளியிட்டமை அவ்வாய்வாளர்க்குப் பெருமை சேர்ப்பதாகும்.

9. எரிவாயு பற்றிய விவாதம்

2002இல் ஸ்மித் எழுதிய சிறுகட்டுரை ஒன்று சூழலியலாளரிடையே சலசலப்பை உண்டாக்கியது. பெட்ரோலியத்தின் சிறந்த பயன் ஏழையின் அடுப்பே என்பது அதன் சாரம். உலகின் விறகுக் குடும்பங்கள் யாவும் எரிவாயுவுக்கு மாறினாலும் பசுங்குடில் வாயுவில் அது மிகச் சிறிய பங்கே ஆகும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறும் கடமை முதலில் வசதியுடையோர்க்கே உரியது என்று அவர் வாதிட்டார். விறகைத் தூய்மையாக எரிக்க முயல்வதைவிடத் தூய எரிபொருளைக் கிட்டச் செய்வதே வழி என்னும் கொள்கை இவ்வாறு உருப்பெற்றது.

தமிழ்நாட்டில் 2006க்குப் பின் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கி, 2019க்குள் எட்டுக் கோடி இணைப்புகளை வழங்கியது. இணைப்பு கிட்டியது; உருளையை மீண்டும் நிரப்பும் பணம் பல வீடுகளில் கிட்டவில்லை. விலை ஏறும்போது விறகு திரும்புகிறது. உருளை வீட்டில் இருப்பதும், அதில் நாள்தோறும் சமைப்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதைப் பொருளியலும் மானிடவியலும் மீண்டும் நினைவூட்டுகின்றன.

முடிவுரை

அடுப்பாய்வின் ஐம்பதாண்டு வரலாற்றில் வினா மூன்று முறை மாறியது. காட்டைக் காப்பது எங்ஙனம் என்று தொடங்கி, பெண்ணின் மூச்சைக் காப்பது எங்ஙனம் என்றும், வானத்தைக் காப்பது எங்ஙனம் என்றும் விரிந்து, தூய எரிபொருளை ஏழைக்கு நிலையாகக் கிட்டச் செய்வது எங்ஙனம் என்பதில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு துறை கண்ட விடையை மற்றொரு துறை சோதித்ததால் விளைந்தது. துறைகளின் பெயர்களை ஒரே கட்டடத்தில் எழுதி வைப்பதால் துறையிடை ஆய்வு உருவாவதில்லை. ஒருவர் வெற்றி என்றதை மற்றவர் தம் கருவியால் அளந்து மறுக்கவும், மறுக்கப்பட்டவர் அதனை ஏற்கவும் இடமிருக்கும்போதே அது உருவாகிறது.

இவ்வாய்வில் தமிழியலுக்கும் இடமுண்டு. அடுப்பு, எரிபொருள், சமையல் முறை பற்றிய வட்டாரச் சொற்கள், மக்கள் எதற்கு எதனைப் பயன்படுத்துகின்றனர் என்பதன் பதிவேடுகள். வினாநிரலில் 'அடுப்பு' என்று ஒரே சொல்லால் கேட்டால், வெந்நீர் அடுப்பும் கொல்லைப்புறக் கோட்டையடுப்பும் கணக்கில் விடுபடும். விடுபட்ட அடுப்பின் புகையும் விடுபடும். தமிழகத்திலும் ஈழத்திலும் மலையகத் தோட்டக் குடியிருப்புகளிலும் வழங்கும் அடுப்புச் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பயன், எரிபொருள், இடம் ஆகியவற்றோடு பதிவது சொல்லாய்வாளர், நாட்டார் வழக்காற்றியலார், சுகாதார ஆய்வாளர் ஆகியோர் இணைந்து செய்யத்தக்க பணி. புலம்பெயர் நாடுகளில் வாழும் முதியோர் பலர் இளமையில் விறகடுப்பில் சமைத்தவர்கள். அவர்தம் சொற்களையும் நினைவுகளையும் பதிவதற்குரிய காலம் நீண்டதன்று.